வீட்டில் கொலைகாரர் யாராவது உண்டா என்று கேட்கவில்லையே

தமிழ் இதழ்களில் நூல் மதிப்புரைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு,

போன மாதம் என் பெயரில் வெளிவந்த மதிப்புரையின் கடைசி வரி நான் எழுதியதில்லை. “இவர்களும் மனிதர்களே, இவர்களையும் மதிப்போம்” என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதி அனுப்பியது, “கடைசி நாற்பது பக்கம் இழுவை” என்பது.

எந்த இதழ் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் விஷயம் அந்த ஒரு அலுவலகத்துச் சண்டையாகிவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இதே அனுபவம் எனக்கு வேறு இரண்டு இடங்களிலும் நடந்திருக்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை, ஆங்கிலம் நடத்துகிறேன். பதினோரு ஆண்டுகளாக நூல் மதிப்புரை எழுதுகிறேன். துப்பறியும் நாவல், வரலாற்று நாவல், சமையல் புத்தகம் என்று எது கொடுத்தாலும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் மனசு போய் நிற்கும் இடம் காதல் நாவல்தான். அம்மா மாத நாவல் வாசகி. பேருந்து நிலையக் கடையில் தொங்கும் புத்தகத்தை வாங்கி வந்து, அடுப்படி மேடையில் தாளிப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் படிப்பார். அந்தப் புத்தகங்களின் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. எனக்கு வாசிப்பு அங்கேதான் தொடங்கியது. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

நான் அனுப்பியது ஓர் ஆங்கிலக் காதல் நாவலுக்கான மதிப்புரை. இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் மருத்துவமனை. இரவுப் பணியில் ஒரு மூத்த ஆண் மருத்துவர், புதிதாக வேலைக்கு வந்த ஆண் செவிலியர். இரண்டு பேருக்கும் முதலில் ஆகாது, அப்புறம் ஆகிறது. அவ்வளவுதான் கதை. 850 சொற்களில் எழுதினேன். ஆசிரியர் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார், மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல யாராவது இப்படி இருக்காங்களா?”

நான் இதே பக்கத்துக்குக் கொலைக் கதைகளுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறேன். ஒரு தொடர் கொலைகாரன் கதைக்கு முழுப் பக்கம் கொடுத்தீர்கள். அப்போது வீட்டில் கொலைகாரர் யாராவது உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

இதழ் வந்ததும் பக்கத்தைத் தேடினேன். நூல் மதிப்புரைப் பகுதியில் இல்லை. மூன்று முறை புரட்டிய பிறகு கிடைத்தது, மனநல மருத்துவரின் கேள்வி பதிலுக்குக் கீழே. மேலே தூக்கமின்மைக்கு ஒரு பதில், பரீட்சைப் பயத்துக்கு ஒரு பதில், அதற்கடியில் என் காதல் நாவல். ஓரத்தில் ஒரு கட்டம், “பெற்றோர் கவனத்துக்கு” என்று.

தன்பாலீர்ப்பை, அதாவது ஆணுக்கு ஆண் மீதோ பெண்ணுக்குப் பெண் மீதோ வரும் ஈர்ப்பை, உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதைக் குணப்படுத்துகிறேன் என்று யாரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவு போட்டது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். உங்கள் பக்க வடிவமைப்பாளர் அதே நாவலை மருத்துவரின் பகுதிக்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. “இது எந்தப் பக்கம்?” என்று யோசித்தபோது, நூல் மதிப்புரைப் பக்கம் என்ற எளிய பதில் அவருக்குத் தோன்றவில்லை, அதுதான் சிக்கல்.

புத்தகத்தை எந்த அடுக்கில் வைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. 2009 ஏப்ரலில் அமேசான் தளத்தில் தன்பாலீர்ப்பு தொடர்பான ஏராளமான புத்தகங்கள் விற்பனைத் தரவரிசையிலிருந்து திடீரென்று காணாமல் போயின. ‘வயது வந்தோருக்கானது’ என்ற அடையாளம் விழுந்ததால், தேடினாலும் கிடைக்காத நிலை. எழுத்தாளர்களும் வாசகர்களும் சத்தம் போட்ட பிறகு, பட்டியலிட்டதில் நேர்ந்த பிழை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. மொத்தம் 57,310 புத்தகங்கள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கும் சொன்னது. யாரும் எதையும் தடை செய்யவில்லை. அடுக்கு மாறியது, புத்தகம் மறைந்தது. உங்கள் இதழில் நடந்ததும் அதுதான்.

வயதுக் குறிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மதிப்புரையிலேயே எழுதியிருந்தேன்: “இரண்டு படுக்கையறைக் காட்சிகள். ஒன்று கதைக்குத் தேவை, இன்னொன்று பக்கம் நிரப்ப.” வாசகருக்கு அது போதும். ஆனால் அதற்கு முந்தைய இதழில் ஓர் ஆண்–பெண் காதல் நாவலுக்கு எழுதினேன், அதில் ஐந்து காட்சிகள். அப்போது பெற்றோர் கவனத்தை யாரும் அழைக்கவில்லை.

அடுத்தது சொல். நான் தன்பாலீர்ப்பு என்று எழுதிய ஆறு இடத்திலும் ‘ஓரினச்சேர்க்கை’ என்று மாற்றியிருக்கிறீர்கள். சேர்க்கை என்றால் எனக்கு ஜூன் மாதம் பள்ளி வாசலில் மாற்றுச் சான்றிதழோடு நிற்கும் பெற்றோர்தான் நினைவுக்கு வருவார்கள். அது கிடக்கட்டும். ஒரு மனிதனின் விருப்பம், ஏக்கம், பொறாமை, மாலையில் யாருக்காகக் காத்திருக்கிறான் என்பது எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிட்டு, கட்டிலை மட்டும் மிச்சம் வைக்கிற சொல் அது. நான் மதிப்புரை எழுதிய நாவலில் முதல் முத்தமே பாதிக் கதை தாண்டித்தான் வருகிறது. அதுவரை அந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம், காசு விழுங்கிவிட்டு உருளைக்கிழங்கு வறுவலைத் தராத ஒரு தானியங்கி இயந்திரத்தோடு மல்லுக்கட்டியதுதான்.

எந்தச் சொல்லைப் போடுவது என்ற குழப்பம் 2022க்கு முன்னால் இருந்திருக்கலாம். உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசிதழிலேயே வெளியிட்டுவிட்டது. மலையாளத்திலோ இந்தியிலோ தேடவேண்டியதில்லை, நம் ஊரில் நம் மொழியில் இருக்கிறது. அதை அச்செடுத்துப் பிழை திருத்துபவரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க எத்தனை நிமிடம் ஆகும்?

இன்னொரு மாற்றம் பற்றியும் சொல்லவேண்டும். பலருக்கு அற்பமாகத் தோன்றும், எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. அந்த இயந்திரக் காட்சியிலிருந்து நான்கைந்து வரிகளை நானே தமிழில் பெயர்த்து மேற்கோளாகக் கொடுத்திருந்தேன். ஆங்கிலத்தில் எல்லாமே ஒரே ‘யூ’. தமிழில் சொல்லும்போது செவிலியர் மருத்துவரை ‘நீங்க’ என்பாரா, ‘நீ’ என்பாரா? முதல் நாளில் ‘நீங்க’தான், அதில் சந்தேகமில்லை. எந்த இடத்தில் ‘நீ’ ஆகும்? இதற்காக நாவலை மறுபடி முதலிலிருந்து படித்தேன். மருத்துவர் இயந்திரத்தைத் தோளால் ஓர் இடி இடிக்கிறார், பொட்டலம் விழுகிறது, குனிந்து எடுத்துப் பிரித்து முதல் வறுவலை இவனிடம் நீட்டுகிறார். இவன் சிரித்துவிட்டு, “நீ டாக்டருக்குப் படிச்சியா, ரௌடிக்குப் படிச்சியா?” என்கிறான். காதல் தொடங்கியது அங்கேதான், அந்த ‘நீ’யில்தான் என்று என் மதிப்புரையில் வாதாடியிருந்தேன். அச்சில் பார்த்தால், “நீங்கள் மருத்துவத்திற்குப் படித்தீர்களா, ரவுடித்தனத்திற்குப் படித்தீர்களா?” காதல் போய் விசாரணை கமிஷன் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆண்–ஆண் காதல் நாவலைப் படிப்பவர்களுக்கு இந்த மாதிரி நுணுக்கங்கள்தான் சாப்பாடே. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. இரண்டு ஆண் ஒரே காட்சியில் இருந்தால் இருவருமே ‘ஹி’. யாருடைய கை யாருடைய தோளில் என்று தெரியாது. அதற்குப் பயந்து, ‘உயரமானவன்’, ‘பொன்னிற முடிக்காரன்’ என்று பட்டப்பெயர் வைத்தே பக்கம் முழுக்க ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், படிக்கச் சகிக்காது. தமிழுக்கு அந்தத் தலைவலி பாதிதான். ‘அவன் இவன் தோளில் கை வைத்தான்’ என்று ஐந்தே சொல்லில் முடிந்துவிடும். இந்த வகைக் கதையை எழுத நம் மொழிக்குக் கை கால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. இதையும் ஒரு பத்தியில் எழுதியிருந்தேன், இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டீர்கள். ‘பெற்றோர் கவனத்துக்கு’ கட்டத்துக்கு இடம் இருந்தது.

கதைக்குள் போகாமலேயே “நல்ல முயற்சி” என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதும் ஒருவகைப் புறக்கணிப்புதான். வேறொரு இதழில் இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. ஒரு நாவலை நன்றாகவே கிழித்திருந்தேன். இருவரும் முக்கால் கதையில் ஒரு தப்பபிப்பிராயத்தால் பிரிகிறார்கள், ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கவேண்டிய தப்பபிப்பிராயம். இந்த வகை நாவல்களில் முக்காலில் ஒரு பிரிவு வருவது வழக்கம்தான், நம் மாத நாவல்களிலும் உண்டு. ஆனால் பிரிவுக்குக் காரணம் அந்த மனிதர்களின் குணத்திலிருந்து வரவேண்டும், ஆசிரியரின் அவசரத்திலிருந்து வரக் கூடாது. இதைச் சொன்னதற்குப் பொறுப்பாசிரியர், “பாவம், அவங்களே கஷ்டப்படுற சமூகம், நாம வேற அடிக்கணுமா?” என்றார். மதிப்புரை வரவேயில்லை. எழுதியவர் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கவில்லை ஐயா. காசு கொடுத்து வாங்கியவருக்கு அது இழுவையா இல்லையா என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. இரக்கப்பட்டுப் பாஸ் மார்க் போட்டால் பையன் தேறிவிட்டான் என்று ஆகிவிடாது. என் வேலையிலேயே நான் அதைச் செய்வதில்லை.

இந்த வகை எழுத்தில் பேசவேண்டிய உண்மையான சர்ச்சைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆண்–ஆண் காதல் நாவல்களைப் பெரும்பாலும் பெண்களே எழுதுகிறார்கள், பெண்களே படிக்கிறார்கள். இதன் வேர், தொலைக்காட்சித் தொடர்களின் ஆண் பாத்திரங்களைக் காதலர்களாக்கி 1970களில் ரசிகைகள் எழுதிச் சுற்றுக்கு விட்ட கதைகளில் இருக்கிறது. இது எங்கள் வாழ்க்கை, இவர்கள் யார் எழுத என்று கேட்ட தன்பாலீர்ப்பு ஆண்கள் உண்டு. பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோர், ஆங்கிலத்தில் ‘குயர்’) பற்றிய நூல்களுக்கு விருது தரும் அமெரிக்காவின் லாம்டா இலக்கிய விருதுக்காரர்கள் 2009இல், பால்புதுமையர் எழுத்தாளர்களுக்கு மட்டுமே விருது என்று விதி போட்டார்கள். பெரிய சண்டை வந்தது. 2011இல் பெரும்பாலான பிரிவுகளில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். விதி இறுகினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓர் அமெரிக்க எழுத்தாளரை, இந்தக் கதை எழுத நீ யார் என்று வாசகர்கள் துளைத்தெடுத்ததில், தன் ஈர்ப்பு என்னவென்று 2020இல் அவர் ஊரறியச் சொல்லவேண்டியதாயிற்று. சொல்ல அவர் தயாராகவே இல்லை. நானும் பெண், ஆண்–பெண் திருமணத்தில் இருப்பவள், இந்தக் கதைகளை ரசிப்பவள். என் ரசனையில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று நானே யோசித்து ஒரு கட்டுரை எழுதத் தயார். அதைக் கேட்டு வாங்கிப் போடும் இதழ் இதுவரை கிடைக்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கெதற்கு என்பது எனக்கு வரும் இன்னொரு பதில். 1994இல் ஷியாம் செல்வதுரை எழுதி வெளிவந்த ‘ஃபன்னி பாய்’ நாவலின் நாயகன் கொழும்புத் தமிழ்ப் பையன். அவன் காதலிப்பது வகுப்பிலுள்ள சிங்களப் பையனை. 1983 கலவரம் வந்து எல்லாவற்றையும் எரிக்கிறது. லாம்டா விருது அதற்குக் கிடைத்தது. சென்னையிலேயே 2018இல் குயர் இலக்கிய விழா நடந்தது. அப்புறம், தயவுசெய்து சங்க இலக்கியத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நண்பர்கள், அவர்களை நிம்மதியாக இருக்க விடுங்கள். ஆண்–பெண் காதல் நாவலுக்கு நாம் புறநானூற்றுச் சான்று கேட்பதில்லையே.

இந்தக் கதைகள் எனக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து வந்த பொங்கல் விடுமுறையில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கொடுத்தான். பள்ளி நோட்டுக்கு ஒட்டுவது போலவே லேபிள், அதில் ‘கெமிஸ்ட்ரி’ என்று எழுத்து. அட்டை மடிப்பு நான்கு மூலையிலும் கச்சிதம். ஆறாம் வகுப்பில் அட்டை போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். “டீச்சர், நீங்க காதல் கதை படிப்பீங்கள்ல. இதைப் படிச்சுப் பாருங்க” என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “பயப்படாதீங்க, கடைசிப் பக்கத்தை நான் முதல்லயே பாத்துட்டேன். ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க” என்றான்.

அப்போது எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் புரியவில்லை. பிறகு நிறையப் படித்த பின்தான் தெரிந்தது. இந்த மாதிரிக் காதலர்களை நாவல்களும் சினிமாக்களும் எத்தனை முறை கொன்றிருக்கின்றன என்று எண்ணி முடியாது. தூக்கு, விஷம், நோய், அடி. இங்கிலாந்தில் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் ‘மாரிஸ்’ நாவலை எழுதினார். இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாகத்தான் முடிக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒருவனையாவது சாகடித்திருந்தால் அச்சிட வழி பிறந்திருக்கலாம், சந்தோஷமாக முடித்ததே சட்டத்தின் கண்ணில் குற்றத்துக்குப் பரிந்துரை ஆகிவிடும் என்று அவரே பின்னாளில் எழுதிவைத்தார். அவர் இறந்தது 1970, நாவல் வந்தது 1971. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு சுபம் இழுப்பறைக்குள் கிடந்தது.

காதல் நாவல் என்ற வகைக்கு அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் சொன்ன இலக்கணம் இரண்டே இரண்டு. கதையின் நடுவில் காதல் இருக்கவேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தரவேண்டும். அம்மாவின் மாத நாவல்களும் இதே இலக்கணம்தான். ஆனால் நீங்கள் இந்தப் பக்கத்தில் ‘இலக்கியத் தரம்’ என்று ஏற்றுக்கொண்ட தன்பாலீர்ப்புக் கதைகள் எல்லாவற்றையும் நான் எடுத்துப் பார்த்தேன். என்னிடம் இருக்கும் இதழ்களில் நான்கு. நான்கிலும் ஒருவராவது சாகிறார் அல்லது ஊரை விட்டு ஓடுகிறார். செத்தால் இலக்கியம், பிழைத்தால் மனநலப் பக்கம் என்றால் அந்தப் பையன் எந்தப் புத்தகத்துக்கு அட்டை போடுவான்?

அவன் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். போன மாத இதழ் வந்த அன்று என்னை அழைத்தான். திட்டவில்லை. “டீச்சர், அந்தக் கடைசி வரி நீங்க எழுதியிருக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனா எங்க அம்மா அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு, டாக்டர் நம்பர் இருக்கான்னு பாத்தாங்க” என்றான்.

இதற்கு மேல் எனக்கு வாதம் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

அந்த மதிப்புரையின் கடைசி வரி என்னுடையதல்ல என்று அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். நூல் மதிப்புரைப் பக்கத்திலேயே போடுங்கள், பொடி எழுத்தில் வேண்டாம். என் பெயரில் வரும் பிரதியில் கருத்து மாறும்படி ஒரு வரி சேர்ப்பதாக இருந்தாலும் எடுப்பதாக இருந்தாலும் அச்சுக்கு முன் எனக்குக் காட்டுங்கள். இது எனக்கு மட்டுமல்ல, உங்களுக்கு எழுதும் எல்லோருக்கும் பொருந்தவேண்டும்.

காதல் நாவலைக் காதல் நாவல்களோடு வையுங்கள். காதலிப்பது யார் யாரை என்பதை வைத்துப் பக்கத்தை மாற்றாதீர்கள். வயதுக் குறிப்பு போடுவதானால் ஆண்–பெண் கதைக்கும் அதே அளவுகோலில் போடுங்கள். அரசிதழ்ச் சொற்பட்டியலை உங்கள் இதழின் எழுத்து நடைக் கையேட்டில் சேருங்கள். கையேடே இல்லாத இதழ்கள் உண்டு என்று எனக்குத் தெரியும், அவர்கள் அந்தப் பட்டியலையாவது கையேடாக வைத்துக்கொள்ளலாம்.

கடுமையான மதிப்புரையை இரக்கத்தின் பேரில் நிறுத்தாதீர்கள். எழுதுபவரிடம் “உங்க வீட்ல யாராவது?” என்று கேட்பதையும் நிறுத்துங்கள். பால்புதுமையர் வாசகர்களிலேயே நன்றாக எழுதக் கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் மதிப்புரை கேளுங்கள். அவர்களுக்குத் துப்பறியும் நாவலையும் சமையல் புத்தகத்தையும் கொடுங்கள், இதை மட்டுமே கொடுக்காதீர்கள்.

என் அடுத்த மதிப்புரை தயாராக இருக்கிறது. கனடாவில் நடக்கும் கதை, பனிக்கட்டி ஹாக்கி விளையாடும் இரண்டு பேர், 900 சொல். ஹாக்கி விதிகள் எனக்குப் பாதிதான் புரிந்தன, அதையும் அதில் எழுதியிருக்கிறேன். இந்த மாதக் கடைசி வரை உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன், அப்புறம் வேறு இதழுக்கு அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தில் பதினோரு ஆண்டுகளாக எழுதும் ஒருத்தி,
திருச்சி